ஊரைச் சொல்வேன், பாறையைச் சொல்ல மாட்டேன்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பெரு நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தான். நண்பர்கள் மூன்று பேரோடு ஆண்டிஸ் மலையில் நாலு நாள் நடந்து மச்சு பிச்சு பார்த்திருக்கிறான். பிறகு இறங்கி வந்து நாஸ்கா பாலைவனத்தில் தரையில் கீறிய பிரமாண்டக் கோடுகளையும் பார்த்திருக்கிறான். ஒரு படத்தில் நாலு பேரும் ஒரு லாமாவோடு நிற்கிறார்கள். லாமா மட்டும்தான் ஒழுங்காகக் கேமராவைப் பார்க்கிறது. "சார், நீங்க மேப்புல குறிக்கச் சொன்ன மலைமேல நிக்கிறேன்" என்று எழுதியிருந்தான். புவியியல் வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "நம்ம பக்கத்து மலையில இப்படிப் பழைய காலத்துச் சின்னம் எதுவும் இல்லையே சார்."

பையன் பிறந்து வளர்ந்தது வத்தலக்குண்டு. அவன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி தெரியும். மச்சு பிச்சுவை இன்காக்கள் கட்டி ஏறக்குறைய அறுநூறு வருஷம் ஆகிறது. அவன் மாடியிலிருந்து தெரியும் மலையில் நிற்கும் கற்திட்டைகளுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வயது. அவனுக்கு ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் இந்தப் பதிவு.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், நாங்கள் நாலு பேர் அங்கே போய்விட்டு வந்தோம். டிரில் மாஸ்டர், கணக்கு வாத்தியார், தமிழ் ஐயா, நான். நாலு பேர் வயதையும் கூட்டினால் 275 வருகிறது என்று கணக்கு வாத்தியார் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலேயே அறிவித்துவிட்டார். டிரில் மாஸ்டர் கழுத்தில் பழைய விசில். தமிழ் ஐயா கையில் எலுமிச்சம்பழம், இரண்டு கேரி பேக், ஒரு குடை. பட்டிவீரன்பட்டி, சித்தரேவு தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழம் தோற்று, கேரி பேக் ஜெயித்தது. கண்டக்டர் தம்பி பாவம், "பெரியவரே, முன்னாடி சீட்டுக்கு வந்துருங்க" என்று அவரை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார். அங்கே போனதும் ஐயாவுக்குத் தெம்பு வந்து, டிரைவருக்குப் பேகன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் ஆண்ட மலை இதுதான், பொதினி என்ற பெயர்தான் பழனி ஆனது என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பாடம். டிரைவர் ரோட்டைப் பார்க்க வேண்டுமே என்று எங்களுக்குத்தான் அடிவயிற்றில் கலக்கம்.

பெரும்பாறையைத் தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கினோம். கடை பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷமாகக் காப்பிப் பழம் பறிக்கும் கை. "இங்க குள்ளர் வீடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தக் குள்ளர் வீடு? ஏழெட்டு இருக்கே" என்றார்.

அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டக்காரரிடம் போனில் அனுமதி கேட்டதும் அவர்தான். காப்பிச் செடிக்கு மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, நடுநடுவே மலைவாழை. பாதையெல்லாம் ஈரம். டிரில் மாஸ்டர் எங்களை வரிசை கலையாமல் கொண்டுபோக விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "அதை உள்ள வைங்க அய்யா. காட்டுமாடு நிக்கும்" என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த விசில் சட்டைப்பைக்குள் போனது. அவர் சொன்ன மாதிரியே அடுத்த திருப்பத்தில் இரண்டு நின்றன. நாங்கள் நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். தமிழ் ஐயா கணக்கு வாத்தியாருக்குப் பின்னால் நின்றார். கணக்கு வாத்தியாரின் அகலத்தை அன்றைக்குத்தான் நாங்கள் மரியாதையோடு பார்த்தோம்.

காப்பிச் சரிவு முடிந்து ஒரு மொட்டைப் பாறை. பனிமூட்டம் கொஞ்சம் விலகியதும் பாறைமேல் அது நின்றது. மூன்று பக்கம் செங்குத்தாக நிறுத்திய பலகைக் கற்கள், மேலே மூடியாக ஒரே ஒரு கல். சுற்றிலும் கல்லை அடுக்கி ஒரு திண்ணை மாதிரி. மண்ணைத் தோண்டி நட்டதில்லை. பாறையின்மேல் ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்தே நிற்க வைத்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியாரிடம் அளவு நாடா இல்லை. ஐயாவின் குடையால் அளந்தார். மூடிக்கல் நீளம் மூன்று குடை, அகலம் இரண்டரைக் குடை, கனம் முக்கால் அடி. மனக்கணக்கில் போட்டு, "மூணு டன் வரும்" என்றார். கிரேன் இல்லாத காலத்தில், இந்த வழுக்குப் பாறையில், மூன்று டன்! டிரில் மாஸ்டர் உள்ளே குனிந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வர எங்கள் இரண்டு பேர் கை தேவைப்பட்டது.

"சின்னப்பிள்ளையில மழை வந்தா இதுக்குள்ளதான் ஒதுங்குவோம்" என்றார் அந்த அம்மா. "பேரன் திண்டுக்கல்லுல கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன் இதைப் பாத்ததில்ல."

பக்கத்தில் இன்னொன்று. அதில் நிற்கும் கற்கள் மட்டும் இருந்தன, மூடி இல்லை. எங்கே போச்சு என்று கேட்டோம். "கீழ வாய்க்கால் மேல பாலமாக் கெடக்குல்ல, அதுதான்." வரும்போது நாலு பேரும் அதன்மேல்தான் நடந்து வந்திருந்தோம். சற்றுத் தள்ளி மூன்றாவது. அது வெறும் குழியும் உடைந்த துண்டுகளும். யாரோ எப்போதோ புதையல் தேடித் தோண்டியிருக்கிறார்கள்.

இந்தக் கற்திட்டைகள் குள்ளர் வாழ்ந்த வீடும் இல்லை, பஞ்சபாண்டவர் தங்கிய இடமும் இல்லை. இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச் சின்னங்கள். பெருங்கற்காலம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பாராவில் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு என்றாலும், பழனி மலையின் நடு உயரத்தில் இவை கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. செண்பகனூர் இயேசு சபைத் துறவியர் மடத்தில் இருந்த பாதிரியார் ஆங்லேட் என்ற பிரெஞ்சுக்காரர் காடு காடாக நடந்து இவற்றைத் தேடி, அளந்து, படம் வரைந்தார். நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் நூலாகவே வெளியிட்டது. அதாவது ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே இவை பதிவாகிவிட்டன.

தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜனும் குழுவினரும் சுமார் இருபது வருஷத்துக்கு முன் அகழாய்வு செய்து, மலைமேல் வாழ்ந்த அந்த மக்களைப் பற்றிப் பல செய்திகளை வெளிக்கொண்டு வந்தார்கள். அதே பேராசிரியர் 2009-லும் 2010-லும் மலையடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் தோண்டியபோது, ஒரு கல்லறைக்குள் பானையில் நெல் கிடைத்தது. அந்தக் கல்லறையிலேயே தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மண் தாங்கி ஒன்றும் கிடைத்தது. நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் பார்த்ததில் கி.மு. 490 என்று வந்தது. நம் எழுத்தின் வயதைப் பற்றிய பெரிய விவாதமே அந்த ஒரு பிடி நெல்லால் சூடுபிடித்தது. இவ்வளவும் வத்தலக்குண்டுப் பையன் பஸ் ஏறினால் அன்றைக்கே போய்த் திரும்பும் தூரத்தில்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடும்போது எங்களுக்குள் ஒரு சண்டை. நான் இதைப் பற்றி முகநூலில் எழுதப்போகிறேன் என்றேன். தமிழ் ஐயா கையில் எடுத்த அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டார். "எழுதாதேய்யா. குணா குகை கதி ஆயிரும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொடைக்கானலில் அந்தப் பள்ளத்துக்கு வெள்ளைக்காரன் 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர் வைத்திருந்தான். 1991-இல் 'குணா' படம் வந்து குணா குகை ஆனது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படம் வந்தபின் கூட்டம் எப்படிப் பெருகியது என்று உங்களில் பலருக்குத் தெரியும், பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். அந்தப் படமே ஒரு பையன் குழிக்குள் விழுந்த உண்மைக் கதை. அதைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் எட்டிப் பார்க்கக் கூட்டம் போகிறது என்றால் என்ன சொல்வது? அதே 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த வருஷக் கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்தார்கள். ஒரு மலைக்கு வண்டியை எண்ணி விட வேண்டிய நிலை!

டிரில் மாஸ்டர் நேர் எதிர்க்கட்சி. "எழுதலைன்னா என்ன ஆகும்? அந்த மூடிக்கல் பாலம் ஆச்சே, அது என்ன ஃபேஸ்புக் பாத்து வந்தவனா தூக்கிட்டுப் போனான்? அது என்னன்னு தெரியாதவன் தூக்கிட்டுப் போனான்" என்றார். அவர் பேச்சில் இவ்வளவு தர்க்கம் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு, மிச்சமிருந்த அப்பளத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. தெரிந்தாலும் ஆபத்து, தெரியாவிட்டாலும் ஆபத்து. ஆனால் இரண்டில் பெரிய ஆபத்து தெரியாமல் இருப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். இந்தக் கற்திட்டைகளில் பல, பட்டா நிலத்தில், காப்பித் தோட்டத்துக்குள் இருக்கின்றன. பழைய தோட்டக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியாவிட்டாலும் ஒரு பயம் இருந்தது. 'குள்ளர் வீடு, தொடாதே' என்று விட்டு வைத்தார்கள். இப்போது தோட்டம் கைமாறுகிறது. வெளியூர்க்காரர் வாங்குகிறார். அவருக்கு அந்தப் பயமும் இல்லை, படிப்பும் போய்ச் சேரவில்லை. மூன்று டன் கல்லை நிறுத்த எத்தனை பேர் எத்தனை நாள் பாடுபட்டார்களோ, ஜேசிபிக்கு அது அரைமணி நேர வேலை. உடைந்த பிறகு, அங்கே ஒன்று இருந்தது என்று சொல்லக்கூட அந்த அம்மாவைத் தவிர ஆள் இல்லை.

சரி, அதற்காக அங்கே ஒரு 'வியூ பாயிண்ட்' வைக்கலாமா? கம்பி வேலி, டிக்கெட் கவுண்டர், "ஐ லவ் பெரும்பாறை" என்று சிவப்பு எழுத்து, சுட்ட சோளக்கருது? வேண்டவே வேண்டாம். (சோளக்கருதுக்கு நான் விரோதி இல்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் நான் தின்ற கருதுகளை வரிசையாக வைத்தால் அப்சர்வேட்டரி வரைக்கும் வரும்.) வண்டி போய் நிற்கும் இடம் ஆகிவிட்டால் அந்தப் பாறை ஒரு வருஷம் தாங்காது. முதல் வாரமே மூடிக்கல்லில் அம்பு துளைத்த இதயம் ஒன்று வந்துவிடும்.

என் மாணவன் போன ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் நாலு நாள் நடந்த இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அந்த 500-க்குள் சுமை தூக்குபவர்களும் வழிகாட்டிகளும் அடக்கம். வழிகாட்டி இல்லாமல் யாரும் போக முடியாது. பிப்ரவரி மாதம் முழுக்கப் பாதையை மூடிப் பராமரிக்கிறார்கள். நாஸ்காவில் இன்னும் கடுமை. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஆள் நடக்கவே தடை. மழையே இல்லாத பாலைவனம், ஒரு காலடித்தடம் விழுந்தால் அழியாது. 2014-இல் சுற்றுச்சூழலைக் காப்பாற்றச் சொல்லி வாசகம் விரிக்கப் போன கிரீன்பீஸ் ஆட்களே அங்கே தடம் பதித்துவிட்டு வந்து உலகம் முழுக்கத் திட்டு வாங்கினார்கள். நல்ல எண்ணத்தோடு போகிறவனுக்கும் கால் இருக்கிறது, கால் பட்டால் தடம் விழும்.

நமக்கு 500 பேர் கணக்கெல்லாம் இப்போதைக்குத் தேவையில்லை. அந்த வழிகாட்டி விஷயம் மட்டும் போதும். அதனால்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: ஊரைச் சொல்வேன், பாறையைச் சொல்ல மாட்டேன். தாண்டிக்குடி, பெரும்பாறை, பேத்துப்பாறை. இந்தப் பெயர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏற்கெனவே இருப்பவை, ரகசியம் இல்லை. அங்கே பஸ்ஸில் போய் இறங்குங்கள். டீ குடியுங்கள். அந்த ஊர் ஆளிடம் கேளுங்கள். அவர் கூட வந்தால் பார்ப்பீர்கள். "இன்னைக்கு முடியாது, மாடு நிக்குது" என்றால் திரும்பி வந்துவிடுவீர்கள். அவருடைய அரைநாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கல்லை வைத்திருப்பதால் தனக்கும் வருமானம் உண்டு, மரியாதை உண்டு என்று அந்த ஊருக்குத் தெரிந்தால், அடுத்த மூடிக்கல்லை வாய்க்காலுக்குத் தூக்கும்போது ஊரே தடுக்கும். போர்டும் வேலியும் செய்யாத காவலை இது செய்யும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா சார், எவனாவது கூகுள் மேப்பில் புள்ளி வைத்துவிடுவான்" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வைப்பான்தான். அந்த எவனாவது என் மாணவனாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். படம் எடுங்கள், போடுங்கள், லொகேஷன் போடாதீர்கள்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் குறைந்தது ஆறு பேர் அந்தப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் தோட்டத்துப் பாறையில் இப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதிப் போடுங்கள். எழுதினால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒரு மாணவன் போனில் பயந்தான். தம்பி, அரசு அறிவிக்கை செய்து பாதுகாக்கும் சின்னமாக எடுத்தால் அந்தச் சின்னத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு வரும், உண்மைதான். உன் காப்பிச் செடி எங்கேயும் போகாது. பாறைமேல் எப்படியும் காப்பி விளையப்போவதில்லை.

திண்டுக்கல், தேனி மாவட்டப் பள்ளிகளில் இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு: வருஷா வருஷம் சுற்றுலா என்றால் மைசூர், வொண்டர்லா என்று பஸ் பிடிக்கிறீர்கள். போங்கள், பிள்ளைகளுக்கு ராட்டினமும் வேண்டும். ஒரே ஒரு வருஷம், அதுவும் மலையடிவாரத்துப் பள்ளிப் பிள்ளைகளை, இருபது பேருக்கு மேல் இல்லாமல் அங்கே கூட்டிப்போய்ப் பாருங்கள். செண்பகனூர் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், 1895-இல் தொடங்கியது. முக்கியமாக மலைக் கிராமத்துப் பிள்ளைகள். அந்த அம்மாவின் பேரன் பார்க்காத இடத்தை மதுரைக்காரன் பார்த்து என்ன ஆகப்போகிறது?

பெருவுக்குப் போனவனுக்கு இன்னொரு செய்தி. நீ அங்கே மூன்று வேளையும் தின்ற உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையில் பிறந்தது. கொடைக்கானல் ரோட்டோரம் கூறு போட்டு விற்கும் மரத்தக்காளியும் அங்கிருந்து வந்ததுதான். அந்த மலை எப்போதோ நம் மலைக்கு வந்துவிட்டது. நீதான் இன்னும் இங்கே ஏறவில்லை. ஊருக்கு வரும்போது சொல்.

அடுத்த தை பிறந்ததும் மறுபடி போகிறோம். இந்த முறை பேத்துப்பாறைப் பக்கம். பத்துப் பேருக்கு மேல் கூட்டிப்போவதில்லை என்று தீர்மானம். வருகிறவர்கள் டிரில் மாஸ்டரிடம் பெயர் கொடுங்கள். நல்ல பிடிமானமுள்ள செருப்பு, ஒரு குடை, தொப்பி, சாப்பாட்டு டப்பா போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். மலை வளைவில் வாந்தி வருகிறவர்கள் தமிழ் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம், அவருக்கும் வந்துவிடும். விசிலை வீட்டில் வைத்துவிட்டு வர டிரில் மாஸ்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார், இதுவரைக்கும்.